பேனாப் பலகையில் நம்ம வீட்டு ஆல்பம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



கம்ப்யூட்டரில் போட்டோ ஆல்பம் செய்யக் கற்றுக்கொண்டதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் எட்டாவது வரை படித்தவள். பதினெட்டு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். மைக்கைப் பிடித்துப் பழக்கமில்லை, கத்தரிக்கோலைப் பிடித்துத்தான் பழக்கம். கொஞ்சம் முன்னே பின்னே பேசினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தச் சாமானைக் காட்டிவிடுகிறேன். பின் வரிசைக்குத் தெரிகிறதா? பார்க்க சிலேட்டு மாதிரி இருக்கும். பெயர் பென் டேப்லெட். நான் பேனாப் பலகை என்று சொல்வேன். ஒரு வயரில் கம்ப்யூட்டரோடு மாட்டிவிட்டு இந்தப் பேனாவால் இதன்மேல் எழுதினால், பலகையில் ஒன்றும் விழாது. கோடு அங்கே திரையில் விழும். இந்தப் பேனாவுக்குள் மையும் இல்லை, பேட்டரியும் இல்லை. பலகைக்குள் மெல்லிய கம்பி வலை ஓடுகிறது. அதிலிருந்து வரும் காந்த அலையைப் பேனாவுக்குள் இருக்கிற சின்னச் சுருள் வாங்கித் திருப்பி அனுப்புகிறது. அதை வைத்துத்தான் பேனா எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறோம் என்று பலகைக்குத் தெரிகிறது. ஜப்பானில் 1983இல் தொடங்கிய வாகோம் என்ற கம்பெனி இந்த முறைக்குப் பேர் போனது. இப்போது ஹுயான், எக்ஸ்பி பென் என்று வேறு பலகைகளும் கிடைக்கின்றன. சின்னப் பலகையே 2048 படி அழுத்தத்தைப் பிரித்துப் பார்க்கும் என்கிறார்கள். கோலப்பொடியை விரலிடுக்கில் விடும்போது இறுக்கினால் மெல்லிய இழை, தளர்த்தினால் தடித்த இழை விழுகிறது இல்லையா? இங்கே அதுவே தலைகீழ். அழுத்தினால் தடிக்கும், விட்டுப் பிடித்தால் மெலியும்.

இதை வாங்க நான் குழுவில் உள்கடன் கேட்ட அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். ஆடு வாங்கக் கேட்டிருந்தால் கையெழுத்து உடனே விழுந்திருக்கும். "சிலேட்டுக்கு நாலாயிரமா? இது தொழில் கடனா, வீட்டுச் செலவுக் கடனா?" என்று ஒரு மதினி கேட்டார். கேள்வி நியாயம்தான். பதினைந்து பேர் வாரா வாரம் கட்டின சந்தாப் பணம் அது. ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் ஊக்குநர் அக்கா, "தையல் மிஷினுக்குக் கொடுத்தோம், இதுவும் மிஷின்தானே" என்று சொல்லித் தீர்மான நோட்டில் தொழில் கடன் என்றே எழுதினார். பத்துத் தவணை. பத்தையும் கட்டி முடித்துவிட்டேன். அந்த மதினி முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், பேத்தியின் காதுகுத்து ஆல்பத்துக்கு என்னிடம்தான் ஆர்டர் கொடுத்தார்.

கற்றுக்கொடுத்தது என் தங்கச்சி மகள், காலேஜில் படிக்கிறாள். முதல் நாள் அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "பெரியம்மா, கையைப் பார்க்காதீங்க, திரையைப் பாருங்க." நம்ம கண்ணுக்கு இது பெரிய பாடு. எழுதும்போது கை இருக்கிற இடத்தைத்தானே இத்தனை வருஷமும் பார்த்தோம்? அப்புறம் எதிர் வீட்டுத் திண்ணையில் பூக் கட்டுகிற ஆத்தாவைக் கவனித்தேன். டிவியில் சீரியல் ஓடுகிறது, பார்வை அங்கே இருக்கிறது, கை பாட்டுக்கு மல்லிகையை ரெண்டு ரெண்டாக எடுத்து வைத்து நாரைச் சுழற்றுகிறது. மதுரைக்காரிக்கு இது புது வித்தையே இல்லை. தையல் மிஷினிலும் காலைப் பார்த்தா மிதிக்கிறோம்? அதற்குப் பிறகு தினம் அரை மணி நேரம் திரையில் புள்ளி வைத்துக் கோலம் போட்டேன். ஏழு புள்ளி, நேர்ப்புள்ளி. மூன்றாவது வாரம் நெளிவு சரியாக வந்தது.

இன்னொன்று, இது மவுஸ் மாதிரி இல்லை. மவுஸைத் தூக்கி எங்கே வைத்தாலும் அம்பு இருந்த இடத்திலேயே நிற்கும். பலகையின் வலது மூலையைத் தொட்டால் திரையின் வலது மூலைக்குத்தான் போகும். பலகை முழுவதும்தான் திரை. இடது கைக்காரர்களுக்குப் பலகையைத் திருப்பி வைத்துக்கொள்ள செட்டிங்கில் வழி இருக்கிறது. பேனா முனை தேயும், மாற்றுமுனை டப்பாவிலேயே கொஞ்சம் வரும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், சில பலகைகளை ஆண்ட்ராய்டு போனிலேயே ஓடிஜி வயர் போட்டு மாட்டலாம். வாங்கும் முன்னால் அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வரைவதற்கான மென்பொருளுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. கிரிட்டா, ஜிம்ப் ரெண்டும் இலவசம்.

படத்தை வெட்டி, ஒட்டி, பக்கத்தில் நாலு வரி எழுதி நோட்டாகச் சேர்ப்பதை வெளிநாட்டில் ஸ்கிராப்புக் என்கிறார்கள். பசை தடவவே தேவையில்லாத ஸ்கிராப்புக் ஒன்றுக்கு 1873இல் காப்புரிமை வாங்கியவர் யார் தெரியுமா? மார்க் ட்வைன் என்ற அமெரிக்க எழுத்தாளர்! நம்ம பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் படம் ஒட்டிக்கொண்டு போகிற நோட்டும் இந்த இனம்தான். கம்ப்யூட்டரில் செய்யும்போது கத்தரியும் பசையும் இல்லை. லேயர் என்று ஒன்று இருக்கிறது. கண்ணாடித் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின மாதிரி. அடித்தாளில் சுங்குடிப் புள்ளி, அதன்மேல் போட்டோ, அதற்கும் மேலே நம்ம எழுத்து. பிடிக்காத தாளை மட்டும் உருவி எடுத்துவிடலாம், மற்றது கலையாது. சுங்குடிக் கரையை நானே புள்ளி புள்ளியாக வரைந்து வைத்திருக்கிறேன். கடையில் வாங்கும் ரோஜாப்பூ டிசைன் எனக்கு ஒட்டவே இல்லை.

ஆனால் நான் ரொம்ப நேரம் பேச நினைத்தது பழைய போட்டோவைப் பற்றி. உங்கள் வீட்டு அலமாரியில் ஒட்டும் ஆல்பம் இருக்கும். பக்கத்தில் பசைக்கோடு இருக்கும், மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடுவோம். அந்தப் பசையும் பிளாஸ்டிக்கும்தான் படத்துக்கு எமன். வருஷம் ஆக ஆக மஞ்சளாகி, படத்தோடு பிடித்துக்கொள்ளும். தயவுசெய்து நகத்தால் பிய்க்காதீர்கள், தண்ணீரில் நனைக்காதீர்கள். மெல்லிய வழவழப்பான நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு, அறுக்கிற மாதிரி முன்னும் பின்னும் மெதுவாக இழுங்கள். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பக்கத்தோடு ஸ்கேன் செய்துகொள்ளலாம். சாதாரணப் படத்துக்கு 300 டிபிஐ போதும். சின்னப் படத்தைப் பெரிதாக்க வேண்டுமென்றால் 600. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு இஞ்ச் பக்கம் தெளிவாக அச்சாக ஒவ்வொரு பக்கமும் 3600 பிக்சல் வேண்டும்.

எங்கள் குழு ஆரம்பித்த நாளில் எடுத்த படம் ஒன்றுதான் இருக்கிறது. 2003இல் ஊர் மந்தையில் வேப்பமரத்தடியில் எடுத்தது. பதினைந்து பேர். அதில் நாலு பேர் இன்றைக்கு இல்லை. அந்த நாலு பேரில் ஒரு அம்மாவுக்கு உலகத்தில் இருக்கிற ஒரே படம் இதுதான். ரேஷன் கார்டில் இருந்த படம்கூட அழிந்துவிட்டது. கலர் வெளுத்து எல்லா முகமும் செங்கல் நிறமாகிவிட்டது. அந்த அம்மாவின் கன்னத்தில் பூஞ்சை படர்ந்து வெள்ளையாகிக் கிடந்தது. மகள் வந்து, "முகத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கக்கா, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கணும்" என்றாள்.

ரெண்டு ராத்திரி உட்கார்ந்தேன். பக்கத்தில் இருக்கும் நல்ல தோலை எடுத்து, பேனாவை லேசாக, மிக லேசாகத் தொட்டுத் தொட்டுப் பூஞ்சையை மூடினேன். மவுஸால் இது ஆகாது, சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். எல்லாம் முடிந்து பார்த்தால் முகவாயில் கறுப்பாக மூன்று புள்ளி. பூஞ்சைக்குக் கீழேதான் இருந்தது, அழுக்கு மாதிரியே இருந்தது. ஒரு தொடுதலில் போய்விடும். ஆனாலும் கை வைக்கவில்லை, மகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அக்கா, அது எங்கம்மா பச்சை குத்தினது. சின்ன வயசில் குறத்தி வந்து குத்திவிட்டது. எனக்கே மறந்துபோச்சு" என்று அழுதாள்.

அன்றையிலிருந்து வீட்டு ஆள் பக்கத்தில் உட்காராமல் யார் முகத்தையும் நான் தொடுவதில்லை. கண் முழுசாக அழிந்திருந்தால் நானாகப் புதுக் கண் வரைய மாட்டேன், அப்படியே விட்டுவிடுவேன். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். "பிள்ளையைக் கொஞ்சம் நிறமாக்கி விடுங்க" என்று வாரத்துக்கு ஒருத்தராவது கேட்கிறார்கள். மாட்டேன். வெளிச்சம் குறைவாக எடுத்த படத்தை வெளிச்சமாக்குவேன், கறுப்பை வெளுப்பாக்க மாட்டேன். இதனால் ஒரு கல்யாண ஆர்டர் போனது. போகட்டும். நாளைக்கு அந்தப் பெண்ணின் பேத்தி ஆல்பத்தைப் பார்த்து "இது யாரு?" என்று கேட்கக் கூடாது.

புதுச்சேரியில் இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களை, குடும்பப் படங்களைத் தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது. படித்தவர்கள் நம்ம தாத்தா பாட்டி படத்துக்கு அவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? வெள்ளை அடிக்கும்போது மூட்டையில் கட்டிப் பரணில் போடுகிறோம். நம்ம பில்லுசேரி சின்னப்பிள்ளை அம்மாவுக்கு 2001இல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுத்தபோது, பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. அதையெல்லாம் பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். பேங்க் வாசலில் முதல் கடனுக்கு நாலு நாள் காத்துக் கிடந்த நம்மை யார் எடுத்து வைப்பார்கள்?

அதனால்தான் கூட்டமைப்பு ஆல்பத்தில் ஒவ்வொரு மூத்த உறுப்பினரின் படத்துக்குக் கீழேயும் அவரவர் பேரை அவரவர் கையாலேயே இந்தப் பலகையில் எழுதச் சொன்னேன். டைப் அடித்த எழுத்து வேண்டாம் என்று தலைவி அக்காவும் சொன்னார். குழுவில் சேர்ந்து நாற்பத்தஞ்சு வயசில் கையெழுத்துக் கற்ற ஒரு அக்கா, பேனாவை அவ்வளவு அழுத்திப் பிடித்து எழுதினார், கோடு விரல் தடிமனுக்கு விழுந்தது. மெலிசாக்கித் தரவா என்று கேட்டேன். "இருக்கட்டும்டி, நல்லாத் தெரியட்டும்" என்றார். ஒரு அப்பத்தா மட்டும், "நான் ரேகைக்காரி, ரேகைதான் வைப்பேன்" என்று பிடிவாதம் பிடித்தார். இந்தப் பலகை ரேகை எடுக்காது. மை டப்பாவில் தொட்டுக் காகிதத்தில் வைக்கச் சொல்லி, அதை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறேன். ஆல்பத்தில் பதினொன்றாவது பக்கம், நீல ரேகை. சாப்பாட்டு வேளையில் பாருங்கள்.

வரும்படி கேட்பீர்கள். மாதம் ரெண்டு மூன்று ஆல்பம் வருகிறது, முகூர்த்த மாதத்தில் ஐந்து. வளைகாப்பு, காதுகுத்து, அறுபதாம் கல்யாணம். ஒரு வீட்டில் தாத்தா எழுதின மொய் நோட்டின் முதல் பக்கத்தையும் சேர்க்கச் சொன்னார்கள், அந்தப் பக்கம்தான் அந்த ஆல்பத்திலேயே எனக்குப் பிடித்தது. தையலை நான் விடவில்லை. கண் வலிக்கும்போது அதுவும் இதுவும் மாறி மாறி ஓடுகிறது. பிரிண்ட் கடைக்குக் கொடுக்கும் முன்னால் ஃபைலை ரெண்டு இடத்தில் காப்பி போட்டு வைக்கிறேன், பென்டிரைவை மட்டும் நம்புவதில்லை.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்குக் கூட்டமைப்பு அலுவலகத்தில் நானும் தங்கச்சி மகளும் இருப்போம். பலகையைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வரலாம், பேனா ரெண்டு இருக்கிறது. பழைய படம் இருந்தால் கொண்டுவாருங்கள், லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். படத்தோடு, அதில் நிற்கிறவர்கள் யார் யார் என்று பேர் சொல்லத் தெரிந்த வீட்டுப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நாற்காலி போட்டு வைக்கிறோம்.