“நீ அங்க வந்து பாத்தியா தம்பி?”

(சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடலூர் ஓ.டி.யிலிருந்து தினமும் பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்து படித்தவன் நான். படித்தது இலக்கியம். சோறு போட்டது மக்கள் தொடர்பு வேலை. இதை அறிந்த ஒரு மாணவி போன மாதம் போன் செய்தாள். “சார், பப்ளிக் ரிலேஷன்ஸையே மேஜரா எடுத்துப் படிக்கலாமா? ‘பேசத் தெரிஞ்சா போதாதா, இதுக்கு எதுக்கு மூணு வருஷம்’னு வீட்ல கேக்கறாங்க.” அந்தக் கேள்விக்கான பதில்தான் இன்றைய என் பேச்சு.

முதலில், இது நேற்று முளைத்த படிப்பு அல்ல. 1923-லேயே நியூயார்க் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் பெர்னேஸ் இதைப் பாடமாக நடத்தினார். நம் நாட்டில் இத்துறையினரின் சங்கம் 1958-இல் தோன்றியது. அதே 1958-இல் ‘நாடோடி மன்னன்’ படத்தின் மூலம் தமிழ்த் திரையுலகின் முதல் பி.ஆர்.ஓ. ஆனார் ‘ஃபிலிம் நியூஸ்’ ஆனந்தன். ஆனாலும் நம் பக்கத்துக் கல்லூரிகளில் இது தனி மேஜராகக் கிடைப்பது அபூர்வம். இதழியல், விஷுவல் கம்யூனிகேஷன் பட்டப் படிப்புகளுக்குள் ஒரு தாளாகத்தான் பெரும்பாலும் இருக்கும். படித்தவர்களுக்கு வேலை இருக்கிறது. அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை, பொதுத்துறை நிறுவனங்கள், வங்கிகள், பெரிய ஆஸ்பத்திரிகள் என்று பல இடங்களில் இதற்கு ஆள் தேவைப்படுகிறது.

சரி, பேசத் தெரிந்தால் போதாதா? போதாது என்பதை நான் அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

1990-களில் வேறொரு மாவட்டத்தில், ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். ஒரு நாள் ராத்திரி பக்கத்து ஊர் முழுக்க நெடி. விடிவதற்குள் மேலாளர் போனில் சொன்னார்: “சின்னக் கசிவுதான், அடைச்சாச்சு. ஒரு அறிக்கை எழுதிடுங்க.” நானும் நல்ல தமிழில் எழுதினேன். ‘பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை’ என்று முடித்தேன். மறுநாள் பத்திரிகையில் அச்சாகி வந்தது. எனக்குப் பெருமைதான்.

அன்று காலை கேட் வாசலில் ஒரு அம்மா, இடுப்பில் பேரப் பிள்ளை. பிள்ளைக்குக் கண் சிவந்து, நீர் வடிந்துகொண்டிருந்தது. கையில் அந்தப் பத்திரிகை. “இதை எழுதினது நீயா?” என்றார். ஆமாம் என்றேன். “நீ அங்க வந்து பாத்தியா தம்பி?”

நான் போகவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

அன்றே போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு இருமல். திரும்பி வந்து இரண்டாவது அறிக்கை எழுதினேன். கசிவு நடந்ததை ஒப்புக்கொண்டு, மருத்துவ உதவி எங்கே கிடைக்கும் என்றும் சொல்லி. அதில் கையெழுத்து வாங்க நாலு நாள் ஆனது. வெளிவந்தபோது அந்த ஊரில் ஒருவரும் அதை நம்பவில்லை. முதல் அறிக்கையில் நான் தொலைத்ததை இரண்டாவதால் மீட்க முடியவில்லை.

1906-இல் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் பாலத்திலிருந்து விழுந்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே கம்பெனிக்கு ஆலோசகராக இருந்த ஐவி லீ, விஷயத்தை மூடி மறைக்காமல் பத்திரிகையாளர்களை விபத்து நடந்த இடத்துக்கே வரவழைத்தார். நான் செய்யத் தவறியது அதுதான். சொல்ல வேண்டியதைச் சிதம்பர ரகசியம் ஆக்கினால், ஜனங்கள் திரைக்குப் பின்னால் என்னென்னவோ இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொரு பாடம் நம் பஸ் ரூட்டிலேயே இருக்கிறது. கடலூர் – சிதம்பரம் சாலையில் சிப்காட் வரும்போது ஜன்னலை இழுத்து மூடியவர்கள்தானே நாம்? 2004 வாக்கில் அந்தப் பகுதிக் கிராமத்துக்காரர்களே, என்ன வாடை, எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம் என்று குறித்துவைத்துப் புகாராகக் கொடுக்கத் தொடங்கினார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்ல. ஆனால் ஒரு மக்கள் தொடர்பு அலுவலர் முதலில் வாசிக்க வேண்டியது அந்தக் குறிப்புகளைத்தான் என்பேன். ‘தொடர்பு’ என்றால் இரண்டு பக்கமும் பாதை. நாம் வெளியே பேசுவது பாதி. வெளியே பேசுவதை உள்ளே கொண்டுபோய்ச் சொல்வது மீதி.

அதே ஆண்டு டிசம்பர் 26-இல் சுனாமி வந்து தேவனாம்பட்டினத்தையும் கிள்ளைப் பக்கத்தையும் சூறையாடியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். நாலே நாள் கழித்து, டிசம்பர் 30-ஆம் தேதி, மீண்டும் அலை வரலாம் என்று மத்திய உள்துறை எச்சரிக்கை கொடுத்தது. கடலோர ஜனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது. அன்றே மத்திய அறிவியல் அமைச்சர் அதை மறுத்தார். அலை வரவில்லை. ஆனால் பிணம் தேடிக்கொண்டிருந்த கையும், கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த கையும் வேலையைப் போட்டுவிட்டு ஓடின. சரிபார்க்காத ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு பலம் உண்டு.

ஆகவே தங்கச்சி, தாராளமாகப் படி. மூன்று வருஷம் வேண்டும். பேசக் கற்க அல்ல. கேட்கவும், சரிபார்க்கவும், எஜமானருக்குப் பிடிக்காததை மரியாதையாகச் சொல்லவும். கூடவே சட்டமோ, பொருளாதாரமோ, விஞ்ஞானமோ ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொள். 2005-இன் தகவல் உரிமைச் சட்டத்தை மனப்பாடமாகத் தெரிந்துகொள்; பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டிய கடமை அதில் இருக்கிறது. லீவு நாட்களில் தாலுக்கா ஆபீஸ் வாசல் திண்ணையில் மனு எழுதுபவர் பக்கத்தில் போய் உட்கார். ஜனங்கள் எதை, எந்த வார்த்தையில் கேட்கிறார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஒவ்வொரு அறிக்கையிலும் கையெழுத்துக்கு முன்னால் அந்த அம்மாவின் கேள்வியை நான் கேட்டுக்கொண்டேன். ஓய்வு பெறும் நாள்வரை அது என்னைக் காப்பாற்றியது. அதையே உங்களிடம் ஒப்படைக்கிறேன்.