மழைக்காலமும் பிளக் எண்ணும்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழைக்காலம் வந்தால் மோட்டார் சைக்கிளுக்குச் 'சூட்டுப் பிளக்' மாற்ற வேண்டுமா என்று பிரட்டுக்களத்தில் சிலர் கேட்டீர்கள். வேண்டியதில்லை. பனி கொட்டும் நாட்டாருக்கு அந்தக் கவலை உண்டு. நமக்கு மழையிலும் வெயிலிலும் வெப்பம் அத்தனை மாறுவதில்லை. மாறுவது ஓட்டும் விதம்தான்.

பிளக்கின் நுனி ஏறத்தாழ 450 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அதில் படியும் கரி தானே எரிந்துபோகும். 800-ஐ வெகுவாகத் தாண்டினாலோ, பொறி விழுமுன்பே எண்ணெய் பற்றிக்கொள்ளும், பிஸ்டனே உருகலாம். நிரைக்கும் ஸ்டோருக்கும் மெதுவாக ஓடும் வண்டியில் கரி பிடிக்கும். பாரத்தோடு நெடுஞ்சாலையில் பறக்கும் வண்டியில் சூடேறும்.

கடையில் எண்ணைக் கவனியுங்கள். என்.ஜி.கே.யில் எண் கூடினால் குளிர்ப் பிளக். சாம்பியனில் நேர்மாறு! சூட்டுப் பிளக் என்று நம்பி என்.ஜி.கே.யில் பெரிய எண்ணை வாங்கி, விடியுமுன் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து ஒருநாள் கூலியை இழந்தவன் நான்.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம்பழுப்பா? தொடாதீர்கள். கறுப்பா? முதலில் காற்றுச் சல்லடையையும் கார்புரேட்டரையும் பாருங்கள். பிறகே எண்ணை ஒரு படி மாற்றலாம். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அன்றே வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிச் செல்லுங்கள், ஓட்டாதீர்கள்.