கட்டில் சட்டத்தில் ஒரு கிட்டார்

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)

 

"சார், உங்க கம்பெனி அனுபவத்தைச் சொல்லுங்க" என்றார் செயலாளர். அது எனக்கே தூக்கம் வரவழைக்கும் சமாச்சாரம். அதற்குப் பதிலாக, 1976-இல் நம் விடுதியில் நானும் என் அறைத்தோழனும் செய்த கிட்டாரைப் பற்றிச் சொல்கிறேன். அவன் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வான்.

கல்லூரி நாள் விழாவில் அவன் வாசிக்க வேண்டும். கடையில் விலை கேட்டோம். மூன்று மாத மெஸ் பில்! "செஞ்சுடலாம்டா" என்றேன். மெக்கானிக்கல் படிக்கிற திமிர்.

மரவேலை சுலபமாக முடிந்தது. தேயிலைப் பெட்டி ப்ளைவுட்டில் உடல், உடைந்த கட்டிலின் தேக்குச் சட்டத்தில் கழுத்து. கம்பிக்கு முதலில் சைக்கிள் பிரேக் கேபிளைப் பிரித்துப் பார்த்தோம். புரியாய் முறுக்கிய இழை எவ்வளவு இழுத்தாலும் நெளிவு போகாது, சுருதியும் நிற்காது. கடைசியில் கம்பியை மட்டும் காசு கொடுத்து வாங்கினோம்; ஆறுக்கு வசதியில்லை, நான்குதான். மற்ற இரும்புச் சாமான்களில்தான் வந்தது வினை.

ஒரு கணக்கு சொல்கிறேன், மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். கம்பி 0.3 மி.மீ. எஃகு, நீளம் 65 செ.மீ. கிட்டாரின் மேல் சுரம் விநாடிக்கு 330 அதிர்வு. அதற்கு அந்த மெல்லிய கம்பியை ஏறத்தாழ பத்து கிலோ பாரத்தில் இழுக்க வேண்டும். நான்கும் சேர்ந்தால் முக்கால் மூட்டை சிமெண்டைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி! இந்தக் கணக்கை நாங்கள் போட்டது கழுத்து வளைந்த பிறகு. பழைய ஜன்னல் கம்பி ஒன்றை, பின்பக்கம் பள்ளம் தோண்டிப் பதித்தோம். வளைவு நின்றது, எடை ஏறியது. வார்டன் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது வாசிக்கவா, நெல்லு குத்தவா?" என்றார்.

அடுத்தது முறுக்காணி. வீணையின் பிரடை மாதிரி மரத்தில் செதுக்கினோம். திருகி விட்டுக் கையை எடுத்தால் சர்ரென்று பின்னால் ஓடும். வீணையானாலும் வயலினானாலும் ஆணியும் துளையும் ஒரே சரிவில் கூம்பாக இருக்க வேண்டும். உள்ளே அழுத்த அழுத்தத்தான் பிடிக்கும். அந்தச் சரிவைக் குடைய எங்களிடம் கருவியில்லை. மூன்று நாள் வீண்.

தலையில் வளையம் உள்ள போல்ட், ஐ-போல்ட் என்பார்கள், இரும்புக்கடையில் சில்லறைக்குக் கிடைத்தது. கிட்டாரின் அடிப்பக்கக் கட்டையில் துளை போட்டு அதை நுழைத்தோம். வளையத்தில் கம்பி, வெளியே நட்டு. நட்டைத் திருகினால் போல்ட் நேராகப் பின்னால் வரும், கம்பி இழுபடும். 6 மி.மீ. போல்ட்டில் ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர். தொய்வை முதலில் கையால் எடுத்துவிட்டால் அஞ்சே அஞ்சு மில்லிமீட்டர் இழுப்பில் கம்பி சுருதிக்கு வந்துவிடும். கடைசிச் சுற்றில் மட்டும் ஏறத்தாழ இரண்டு அரைச்சுரம் ஏறுகிறது. ஆகவே கால் கால் சுற்றாகத்தான் திருக வேண்டும். பிரடை போல வழுக்கவே வழுக்காது. நட்டு மரத்தைத் தின்றுவிடாமலிருக்க அடியில் வாஷர்.

குதிரைக்கு ஒரு நீண்ட போல்ட்டைக் குறுக்கே படுக்க வைத்தோம். மரையின் பள்ளங்களிலேயே கம்பிகள் நகராமல் உட்கார்ந்துகொண்டன.

இந்த வேலையில் எங்களுக்கெல்லாம் குரு ஒருவர் இருக்கிறார், பின்னாளில்தான் தெரிந்தது. குயீன் இசைக்குழுவின் பிரையன் மே. 1963-இல், பள்ளி மாணவனாக, தன் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்யத் தொடங்கினார். பழைய கணப்படுப்பின் மஹாகனிச் சட்டம் கழுத்தாயிற்று. கம்பியின் இழுப்புக்கு எதிராக நிற்க மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். அதை ஆட்டும் கைப்பிடி சைக்கிள் பையைத் தாங்கிய கம்பி. அதன் நுனிக்கு அம்மாவின் பின்னலூசி. மெட்டுக் குறிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து முத்துச்சிப்பிப் பொத்தான்கள். செலவு எட்டு பவுன் என்பார்கள். அதை வைத்துத்தான் உலகம் முழுக்க வாசித்தார்; 2007-இல் வானியற்பியலில் டாக்டர் பட்டமும் வாங்கினார்.

எங்கள் கணக்கு நோட்டில் மொத்தச் செலவு 27 ரூபாய். அதில் எழுதாத ஒரு செலவு உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மெட்டுகளுக்குப் பித்தளை வேண்டியிருந்தது. எந்த இடத்தில் வைப்பது என்று தெரியும்: மீதமுள்ள நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817-ஆல் வகுக்க வேண்டும். கலிலியோவின் தகப்பனார் வின்சென்சோ 1581-இலேயே 18 என்று சொல்லியிருக்கிறார். 18 என்று வைத்தால் பன்னிரண்டாம் மெட்டு இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்குத் தள்ளிப்போகும். இடம் தெரிந்தது, பொருள் இல்லை. ஒரு சாயங்காலம் பட்டறை ஸ்டோரிலிருந்து ஆறடிப் பித்தளைக் கம்பி ஒன்றைச் சட்டைக்குள் சுருட்டி எடுத்துவந்தேன். கழிவு அல்ல, புதுசு. யாரிடமும் கேட்கவில்லை.

விழாவில் இவன் வாசித்தான், கைதட்டல் வாங்கினான். ஆண்டு இறுதி ஸ்டாக் சரிபார்ப்பில் ஆறடி குறைந்தது. பட்டறை அட்டெண்டர் அண்ணன் சம்பளத்தில் எட்டு ரூபாய் ஐம்பது காசு பிடித்தார்கள். எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

வேலை கிடைத்ததும் 1980-இல் அவர் வீட்டுக்கு நூறு ரூபாயோடு போனேன். சொன்னேன். சிரித்தார். "அன்னிக்கே பாத்தேன் தம்பி. மேடையில லைட்டு பட்டு மின்னுச்சே, நம்ம ராடுதான்னு தெரிஞ்சுது. சொன்னா படிப்பு போயிடும்ல" என்றார். பணத்தைத் தொடவில்லை. "ஆறாவது மெட்டு கரகரங்குது. ஒருநாள் கொண்டா, ராவித் தரேன்" என்றார். நான் கொண்டுபோகவில்லை. வேலை, கல்யாணம், வெளியூர். பிறகு போனபோது அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தது.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பட்டறை வாசலில் ஒரு பெட்டி வையுங்கள்: துண்டுக் கம்பி, பழைய போல்ட், ஸ்பிரிங், எல்லாம். பக்கத்தில் ஒரு நோட்டு. எடுக்கிறவன் எழுதிவிட்டு எடுக்கட்டும். பெட்டிக்கும், அதில் முதல் ஐந்து ஆண்டு நிரப்பவும் ஆகும் செலவு என்னுடையது.

கிட்டார் வெளியே மேசைமேல் இருக்கிறது. மாணவர்கள் எடுத்து வாசித்துப் பாருங்கள். சுருதி கூட்டும்போது வளையத்துக்குள் ஓர் ஆணியைச் செருகிப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் போல்ட்டும் கூடவே சுற்றிக் கம்பி முறுக்கிக்கொள்ளும். ஆறாவது மெட்டு இன்னும் கரகரக்கத்தான் செய்கிறது.