தொலைவிலிருந்து வந்த கைப்பாடம்



முப்பத்து நான்கு ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று எழுதியவன் நான். பள்ளி விட்ட பின்னர், இரவில் முதியோர் வகுப்பும் நடத்தியதுண்டு. "கைநாட்டு வைத்த காலம் போகட்டும், உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள்" என்று உழவர்களின் விரல்களைப் பிடித்து எழுதப் பழக்கினேன். அந்த என் வலக்கை, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில், சட்டைப் பொத்தானைப் போட மாட்டாமல் சோர்ந்து விழுந்தது. பக்கவாதம் என்றனர் மருத்துவர். உயிர் தப்பியது, நடையும் ஒருவாறு திரும்பியது. கை மட்டும் பிறர் கை போல மடியிலே கிடந்தது. அவ்வாண்டு ஓய்வூதியர் நேர்காணலுக்குச் சென்றபோது, எழுத்தர் மை தோய்ந்த அட்டையை மெல்ல என் பக்கம் நகர்த்தினார். நானும் கைநாட்டு வைத்தேன். அன்று வீடு திரும்பிய பின் நெடுநேரம் எவரோடும் பேசவில்லை.

கையின் அருமை அது செயலற்றபோதே தெரிகிறது. ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்க, அவற்றின் நாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் நுனிவரை ஓடுகின்றன. கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிராக வந்து நிற்பதனாலன்றோ நாம் ஊசியில் நூல் கோக்கிறோம், பூத்தொடுக்கிறோம், எழுதுகிறோம்! பக்கவாதத்தில் இக்கருவி உடைவதில்லை. கட்டளையிடும் மூளையில் ஒரு பகுதி பழுதுறுகிறது. மீண்டும் மீண்டும் முயலும்போது மூளை புதிய வழிகளைக் கற்கிறது. ஆகவே, இந்நோயில் மருந்தைப் போலவே பயிற்சியும் இன்றியமையாதது.

அப்பயிற்சியைத் தருவது 'ஆக்குபேஷனல் தெரபி' என்னும் தொழில்வழிச் சிகிச்சை. தொழில் என்றால் பிழைப்புக்குரிய வேலை மட்டும் அன்று. பல் துலக்குதல், உண்ணுதல், உடுத்துதல், எழுதுதல் ஆகிய எல்லாச் செயலும் இங்கே தொழிலே. இத்துறைக்கு அமெரிக்காவில் 1917-இல் ஒரு சங்கம் தோன்றியது. நம் நாட்டில் இதற்கான முதற் பயிற்சிப் பள்ளியைக் கமலா நிம்ப்கர் அம்மையார் 1950-இல் பம்பாயில் நிறுவினார். நம் வேலூரும் பெரும்பங்கு கொண்டது. 1946-இல் அங்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, நாண்களை இடம் மாற்றித் தைத்து நிமிரச் செய்தார். இடம் மாறிய நாண் தன் புதிய வேலையைப் பயிற்சியாலேயே கற்க வேண்டும். 1954-இல் ஒரு விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே கைகளுக்கு அறுவை செய்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆனால், நல்ல சிகிச்சை நகரத்தில் இருக்கிறது; நோயாளி சிற்றூரில் இருக்கிறார். எனக்கு நேர்ந்ததும் அதுவே. பேருந்தில் மூன்று மணி நேரம். என்னை அழைத்துச் செல்ல மகன் ஒவ்வொரு முறையும் விடுப்பு எடுக்க வேண்டும். இரண்டு மாதம் சென்றேன், பிறகு நின்றுவிட்டேன். விரல்கள் உள்நோக்கி மடங்கி இறுகலாயின. அப்பொழுது எனக்குப் பயிற்சி தந்துவந்த பெண்மணி, "ஐயா, நீங்கள் வர இயலாவிட்டால் நான் திரை வழியாக வருகிறேன்" என்றார். என் மாணவியாக இருக்கத்தக்க வயதுடையவர் அவர்.

வாரம் இரு நாள் காலை பத்து மணிக்கு வகுப்பு. கைப்பேசியை மேசைமேல் ஒரு படியில் சாய்த்து வைப்போம். சன்னல் வெளிச்சம் முதுகுப்புறம் இராமல் கைமேல் விழ வேண்டும். சட்டைக்கையைத் தோள்வரை சுருட்ட வேண்டும். முதல் நாள் அவர் கேட்ட கேள்வி: "உங்கள் கை எதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?" "கையொப்பம்" என்றேன். அதிலிருந்தே பாடத்திட்டம் பிறந்தது. முதலில் துண்டை விரித்து மேசையைத் துடைத்தல். பின்னர் டம்ளரை இடம் மாற்றுதல். அதன்பின் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் இடுதல். முடிவில் தடித்த பென்சில். எளியதிலிருந்து அரியதற்குச் செல்க என்று ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நாங்கள் படித்த விதி இதுவே. செயல்வழியே கற்பிக்கச் சொன்ன காந்தியடிகளின் ஆதாரக் கல்வியும் என் நினைவுக்கு வந்தது.

மருத்துவமனையில் காண இயலாத ஒன்றையும் அத்திரை காட்டியது. என் மனைவி எனக்குச் சோறு ஊட்டுவதையும் பொத்தான் இடுவதையும் அவர் ஒருநாள் கண்டார். "அம்மா, அன்பினால் செய்கிறீர்கள், ஆனால், ஐயாவின் கைக்கு உரிய வேலையை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள்" என்றார். மறுநாள் முதல் நான் சிந்திச் சிந்தி உண்ணக் கற்றேன்.

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தனித்திருக்கும் நாள்களில் பயிற்சி செய்யாமலே "செய்தேன்" என்று சொல்லி வந்தேன். ஒருநாள் அவர், "கைப்பேசியைப் பக்கவாட்டில் வையுங்கள்" என்றார். டம்ளரை எடுக்கக் கை நீளவில்லை. தோள் உயர்ந்தது, உடம்பு முன்னே சாய்ந்தது. "ஐயா, கை செய்ய வேண்டியதை உடம்பு செய்கிறது. இந்த வாரம் பயிற்சி நடைபெறவில்லை அல்லவா?" என்று அமைதியாகக் கேட்டார். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த எத்தனை பிள்ளைகளை நான் பெஞ்சின்மேல் நிறுத்தியிருக்கிறேன்! அவர் என்னை வையவில்லை. ஒரு கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். அதன்பின் நான் பொய் சொல்லவில்லை.

இது என் ஒருவன் அனுபவம் மட்டும் அன்று. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், டாக்டர் ஸ்டீவன் கிராமரும் அவர்தம் குழுவினரும், பக்கவாதத்தால் கை தளர்ந்த 124 பேரை அமெரிக்காவில் 11 இடங்களில் ஆராய்ந்தனர். ஒரு பிரிவினர் மருத்துவமனைக்குச் சென்றும், மற்றவர் வீட்டிலிருந்து தொலைவழியாகவும் 36 முறை, முறைக்கு 70 நிமிடம் பயின்றனர். இரு பிரிவினர் பெற்ற முன்னேற்றமும் ஏறக்குறைய ஒன்றே. மருத்துவர்கள் தொலைவிலிருந்து ஆலோசனை வழங்குவதற்கான நெறிமுறைகளை நம் இந்திய அரசும் 2020 மார்ச் 25-இல் வெளியிட்டது.

எனினும், திரை எல்லாம் வல்லது அன்று. தசையின் இறுக்கத்தையும் தோலின் உணர்வையும் தொட்டே அறிய வேண்டும். விரலைத் தாங்கும் ஸ்பிளின்ட்டை நோயாளியின் கைமேல் வைத்தே அளவாக அமைத்தல் வேண்டும். அறுந்த நாணைத் தைத்துக்கொண்டவர், தவறான ஓர் அசைவால் தையலையே அறுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே, முதற் சோதனை நேரில் நிகழ்வதே நன்று. வீக்கம் மிகுந்தாலும், சீழ் கண்டாலும், விரல் நீலம் பாய்ந்தாலும், நேற்று மடங்கிய விரல் இன்று மடங்காவிட்டாலும் உடனே மருத்துவமனை செல்க. திடீரென முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ ஒரு நிமிடமும் தாமதித்தல் கூடாது. தளர்ந்த கையைப் பிடித்து இழுத்து நோயாளியைத் தூக்கவும் கூடாது, தோள்மூட்டு கெடும்.

கைப்பேசியும் அலைவரிசையும் இல்லாத வீடுகள் இன்னும் உண்டு. 2021 ஆகஸ்டில் நம் மாநிலத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும் இல்லத்திற்கே செல்கிறது. வீடு தேடி வரும் ஊழியரின் தொடுகையும், தொலைவிலிருக்கும் வல்லுநரின் அறிவும் ஒன்றுகூடினால் எத்துணை நலம்! பள்ளி ஓய்ந்த மாலை நேரத்தில் ஓர் அறையையும் ஒரு திரையையும் ஊரார் ஒதுக்கித் தரலாகாதா?

இவ்வாண்டும் ஓய்வூதியர் நேர்காணலுக்குச் சென்றேன். அதே எழுத்தர், அதே மை அட்டை. "பேனா கொடுங்கள்" என்றேன். என் பெயரை எழுதி முடிக்க ஒரு நிமிடத்திற்கு மேல் ஆயிற்று. பின்னால் நின்றவர்கள் பொறுத்திருந்தனர். எழுத்துகள் கோணலாகவே இருந்தன. முதல் வகுப்புப் பிள்ளை எழுதியிருந்தால் பத்துக்கு நான்கு மதிப்பெண் கொடுத்திருப்பேன். அன்று மாலை அத்தாளின் படத்தை என் ஆசிரியைக்கு அனுப்பினேன். "நன்று ஐயா, நாளை பத்து மணிக்கு வகுப்பு உண்டு" என்று விடை வந்தது.