எந்தச் சுப்பையா?

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் சார் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். வங்கியில் கிளார்க்காக இருந்தவன், கடிகாரம் பார்த்துத்தான் பேசுவேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரே பெயர், ஒரே இனிஷியல் உள்ள இருவரில் ஒருவர் பணத்தை மற்றவர் கணக்கில் வரவு வைத்துவிட்டேன். "பெயரை நம்பாதே, நம்பரைப் பார்" என்றார் மேனேஜர். சொந்த வீட்டு விஷயத்தில் அதை மறந்துபோனேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். உங்களில் பலர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். சுப்பையா மகன் முத்தையா, முத்தையா மகன் சுப்பையா, அவர் மகன் மறுபடி முத்தையா. அவர்தான் என் அப்பா. இது போதாதென்று, அண்ணன் தம்பிகள் ஒவ்வொருவரும் மூத்த பையனுக்கு அதே தாத்தா பெயரை வைத்துவிடுவார்கள். என் தாத்தா, முத்தையா மகன் சுப்பையா. அவருடைய சித்தப்பா முருகையாவுக்கும் ஒரு மகன் சுப்பையா. இருவருமே 'மு. சுப்பையா'.

அப்பா காலமான பிறகு, 'மு. சுப்பையா' பெயரில் பட்டா இருந்த 42 சென்ட் புஞ்சையை விற்க நானும் தம்பியும் கிளம்பினோம். தீர்வை ரசீதெல்லாம் எங்கள் டிரங்குப் பெட்டியில்தான் இருந்தது. அட்வான்ஸ் ஒரு லட்சமும் வாங்கியாயிற்று.

தாத்தா இறந்த தேதி தேவைப்பட்டது. நாடு முழுவதற்குமான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969-இல் வந்ததுதான். ஆச்சியின் திதி நோட்டில் 'சுப்பையா, விரோதி வருஷம், மாசி' என்று மட்டும் இருந்தது. தமிழ் வருஷப் பெயர் 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். அது 1890-ஆ, 1950-ஆ? 1890 என்றால் அவர் தாத்தாவின் தாத்தா. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால் தகப்பனாரை இழந்ததாக அப்பா அடிக்கடி சொல்வார். அவருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்தேன். மார்ச் 1950.

அடுத்து, வாங்குகிறவரின் வக்கீல் மூலப்பத்திரம் கேட்டார். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு நகல் எடுத்தோம். கிரயம் 1953. மூன்று வருஷம் முன்னால் இறந்தவர் எப்படி நிலம் வாங்குவார்? நிதானமாகப் படித்தேன். 'முருகையா குமாரர் சுப்பையா' என்று தெளிவாக எழுதியிருந்தது. அவர் பிழைப்புக்கு வெளியூர் போனதால் தீர்வையை அப்பா கட்டி வந்திருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"பட்டாவில் வெறும் மு. தானே அண்ணே, யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் தம்பி. அவன் மகள் கல்யாணச் செலவு அவனுக்கு. எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் கோவில்பட்டியில் இருக்கும் அந்தச் சுப்பையாவின் மகளுக்குப் போன் செய்தேன். எனக்கு அத்தை முறை, 80 வயது தாண்டியவர். எடுத்ததும், "நீ எந்த முத்தையா மகன்யா?" என்று கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

என் டெபாசிட்டை உடைத்து அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். தம்பி இந்தத் தீபாவளிக்கு வரவில்லை.

அத்தை சொல்லித்தான் தெரியும், ஊரில் என் தாத்தா 'வாத்தியார் சுப்பையா', அவர் அப்பா 'வண்டிக்கார சுப்பையா'. இப்போது வம்சப் பட்டியல் எழுதுகிறேன். ஒவ்வொரு பெயருக்கும் கீழே பட்டப்பெயர், மனைவி பெயர், தமிழ் வருஷத்தோடு ஆங்கில வருஷம். இனிஷியல் கிடையாது, தகப்பனார் பெயர் முழுசாக. இப்படி எழுத விரும்புகிறவர்கள் ஞாயிறு காலையில் பழைய பத்திரங்களோடு வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம். காபி உண்டு.