அப்டேட் வரும், ஆனா உங்க காருக்கு வருமா?

வண்ணார்பேட்டையில டீ குடிக்கும்போது ஃப்ரெண்ட் கேட்டான்: "மாப்ள, தூத்துக்குடியிலயே எலெக்ட்ரிக் கார் செய்ய ஆரம்பிச்சாச்சு. நானும் ஒண்ணு எடுக்கப் போறேன். தானா ஓடுற வசதி பின்னால அப்டேட்ல வரும்னு சொல்லுதாவ, நம்பலாமா?"

டெஸ்லா கதையைச் சொன்னேன். இனி தயாராகும் எல்லா கார்லயும் முழுசா தானே ஓடுறதுக்கான ஹார்டுவேர் இருக்குன்னு 2016 அக்டோபர்ல அறிவிச்சாங்க. நம்பி பலர் முன்கூட்டியே காசு கட்டினாங்க. 2019ல புது கம்ப்யூட்டர் வந்தது. காசு கட்டினவங்களுக்கு இலவசமா மாத்திக் கொடுத்தாங்க. 2023ல அதைவிட வேகமானது வந்தது. 2025 ஜனவரில எலான் மஸ்க்கே ஒத்துக்கிட்டார்: காசு கட்டினவங்களுக்கு 2019 கம்ப்யூட்டரையும் மாத்தித்தான் ஆகணும்னு.

காரணம் சிம்பிள். ஏஐ மாடல் வருஷா வருஷம் பெருசாகுது, கார்ல இருக்கிற சிப் வளராது. சாஃப்ட்வேரை நெட்ல அனுப்பலாம், சிப்பை அனுப்ப முடியாது. பழைய டிவைஸுக்கு சப்போர்ட்டை நிறுத்துறது என்னை மாதிரி கோட் எழுதுறவனுக்கு ஒரு வரி வேலை. ஏழு வருஷம் இ.எம்.ஐ. கட்டுறவனுக்கு?

2025 ஜூலைல டெஸ்லா மும்பைக்கு வந்தப்போ, இந்த வசதிக்குத் தனியா 6 லட்சம் ரூபாய் விலை போட்டாங்க.

ஃப்ரெண்டுக்கு நான் சொன்னது இதுதான்: டெஸ்ட் டிரைவ்ல இன்னிக்கு எது வேலை செய்யுதோ, அதுக்கு மட்டும் காசு கொடு. வரப்போறதுக்கு, வந்தபிறகு கொடுத்துக்கலாம்.