லயம் கலைந்தது, உறவுமா கலைய வேண்டும்?

(பேராக் கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளம் பேச வேண்டிய மேடையில் உறவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கூலி உயர்வை மறந்துவிட்டோம் என்று எவரும் எண்ண வேண்டாம்!

லயத்து வாழ்க்கை சொர்க்கமன்று. பலகைச் சுவர், பொதுக் குழாய், கள்ளுக்கடை, சம்பள நாள் சண்டை எல்லாம் இருந்தன. ஆயினும் விடியுமுன் பிரட்டுக்குப் போன தாய், பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் சென்றாள். பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் பக்கத்து வீட்டு அக்காள் ஓடி வந்தாள். மனைவியை அடித்தவனை நாலு பேர் கேட்டார்கள். சீட்டுப் பணம் கல்யாணத்துக்கும் சாவுக்கும் உதவிற்று. (சீட்டுப் பிடித்தவர் ஓடிப்போனதும் உண்டு, மறைப்பதற்கில்லை.)

இந்தப் பின்னல் அறுந்தது எப்படி? 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்களை வாங்கியவர்கள் துண்டாடினார்கள். அதற்கு மாற்றாகவே நமது சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கண்டார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. 1969இல் குடியுரிமை இல்லாதோர் வேலைப் பெர்மிட் கிடைக்காமல் பல்லாயிரவராய் இந்தியாவுக்குக் கப்பலேறினர். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பு வந்தது. நம்மவர் புந்தோங்கிலும் ஈப்போ அடுக்குமாடிகளிலும் சிதறினர்.

இது வெறும் மனக்குறை அன்று, உடம்பையும் தொடும். அமெரிக்காவில் அலமேடா வட்டாரத்தில் ஏறத்தாழ 7,000 பேரை ஒன்பதாண்டுகள் கவனித்து 1979இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சுற்றம், நண்பர், சங்கம் என்ற தொடர்பு மிகக் குறைந்தவரிடையே சாவு இரு மடங்குக்கு மேல் இருந்தது. புகை, குடி ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் நின்றது. நம் நாட்டிலோ, 2019 சுகாதாரக் கணக்குப்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியரிடையே அதைவிட அதிகம்.

நம்மோடு முப்பது வருஷம் மரம் சீவிய அம்மாள் ஒருவர் நாலாம் மாடியில் தனியே இருந்தார். காலில் புண். லயமாக இருந்தால் அவர் நொண்டுவதைக் கண்டு மூன்றாம் நாளே யாரேனும் டிரெசரிடம் அழைத்துப் போயிருப்பர். விரலை எடுத்த பிறகே நமக்குச் செய்தி வந்தது. அவர் கைப்பேசிக்கு நாள்தோறும் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் போய்க்கொண்டுதான் இருந்தன!

குற்றம் நம்மிடமும் உண்டு, தோழர்களே. கிராணிமார்களாகிய நாங்கள் செக்ரோலில் பெயரை அடித்தோம். போன இடத்தைக் குறித்துக்கொள்ளவில்லை. இப்பொழுது தேடுகிறோம். இதுவரை பாதிப் பேர்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பெட்டிகளில் பழைய மொய் நோட்டுகள் இருக்கும். எவர் எந்த ஊரிலிருந்து வந்து எழுதினார் என்பது அதில் உண்டு. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோயில் மண்டபத்துக்கு அவற்றைக் கொண்டு வாருங்கள். மேசையும் பேனாவும் நாங்கள் போடுகிறோம். தனியாக இருக்கும் முதியவர்களின் பெயரை முதலில் எழுதுவோம்.